செம்பில் விழுந்த வரிகள்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை பின்னேரத்திலிருந்து ஹெக்டரின் வீட்டில் எல்லாக் கதையும் மகள் மாகிரட் வழியாகத்தான் போய் வந்தது.

"மாகிரட், உன்ர அப்பாவிட்டச் சொல்லு, தேத்தண்ணி ஆறுதெண்டு."

"மாகிரட், உன்ர அம்மாவிட்டக் கேள், என்ர வெள்ளைச் சேட்டு எங்கயெண்டு."

புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவே ஒரு குசினிக் கதவு. அவ்வளவுதான் தூரம்.

காரணம் ஊருக்கே தெரியும். சனிக்கிழமை ஃபைனல். மட்டக்களப்பு அணி வருகிறது. வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் நங்கூரம் கழகத்தின் மனேஜர் ஹெக்டர் பதினொரு பெயரைச் சொன்னார். கோல் கீப்பர், கிண்ணியா றஊப். இத்தனை காலம் அந்த இடத்தில் நின்ற டொமினிக்கின் பெயரை அவர் சொல்லவேயில்லை. டொமினிக், ஹெக்டரின் ஒரே மகன்.

ஹெக்டர் அப்படிப்பட்ட ஆள்தான். இளந்தாரியாய் இருந்தபோது தலையால் பந்தடித்தே டொக்யார்ட்டில் வேலை வாங்கியவர். சென்றர் ஹாஃப். வெள்ளைக்கார ஒஃபிசர்மார் அவரை ஆயுதக் களஞ்சியத்தில் ஸ்ரோர்மனாகப் போட்டு, சனிக்கிழமைகளில் தங்கள் டீமுக்கு ஆட வைத்தார்கள். ஐம்பத்தேழில் கொடியை இறக்கிக்கொண்டு அவர்கள் கப்பலேறியபோது ஹெக்டரின் வேலையும் போனது. முழங்கால் அதற்கு முன்பே போயிருந்தது.

அப்போது நங்கூரம் கழகம் என்பது, வேலை இழந்த துறைமுகத்து ஆட்கள் பின்னேரங்களில் தோற்பதற்காகக் கூடும் இடம். அதை அவர் கையில் எடுத்தார். முதல் வருஷம் ஊர் சிரித்தது. இரண்டாம் வருஷம் கோப்பை வந்தது. பிறகு இன்னும் இரண்டு. போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய கழகம் ஆள் அனுப்பி, எங்களிடம் வந்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அந்த மனிதரின் மகன், கையில் வந்த பந்தை அரையிறுதியில் நழுவ விட்டான். அதற்கு முந்திய ஆட்டத்திலும் அப்படியே. இரண்டும் தெற்குப் பக்கக் கோலில். இதற்கு ஹெக்டர் ஒரு காரணம் வைத்திருந்தார். அவர் மனைவி திரேசம்மா வேறொரு காரணம் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை, டொமினிக்கின் பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றது.

"மகன் எங்க?" என்றார் ஹெக்டர்.

திரேசம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மாகிரட், டீமில இல்லாத பிள்ளையை இவர் ஏன் தேடுறாரெண்டு கேள்."

"அம்மா, கொன்வென்ரில சின்ன வகுப்பைக் கட்டி மேய்க்கிறதே இதைவிடச் சுகம்," என்றாள் மாகிரட். அங்கே படிப்பிக்கிறவள் அவள்.

ஹெக்டர் சிரிக்கவில்லை. ஆட்டம் உள்ள நாட்களில் காலையில் வெறுங்காலோடு மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பது அவர் வழக்கம். எங்கே மணல் இளகியிருக்கிறது, எங்கே பந்து துள்ளும் என்பதைப் பாதம்தான் சொல்லும் என்பார். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

குசினியில் கத்தி நின்றது.

"இப்பவே கிறவுண்டுக்கோ போறார்?"

"வேற எங்க?"

"நீயும் போ பிள்ளை. கெதியாப் போ." இந்தமுறை அந்தக் குரலில் கோபம் இல்லை. மாகிரட் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கண்ணில் நின்ற தண்ணீர் வெங்காயத்தால் வந்ததாகத் தெரியவில்லை.

*

உள்துறைமுகத்தைப் பார்த்தபடி கிடக்கும் பழைய அணிவகுப்புத் திடல்தான் கழகத்தின் மைதானம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு மேடு பள்ளம் நிரவி, மணல் பரப்பி, இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் கோல் கம்பம் நட்டிருந்தார்கள்.

தெற்குக் கம்பத்தடியில் டொமினிக் குப்புறப் படுத்திருந்தான். வலது கை தோள் வரைக்கும் ஒரு குழிக்குள் இருந்தது. பக்கத்தில் மணல் கிண்டிய ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தவன் வேறு யாருமில்லை, அவனுடைய இடத்தைப் பிடித்த றஊப்.

ஹெக்டருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. விஷயம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கோலுக்குள் எதிராளி செய்வினைத் தகடு புதைத்திருக்கிறான் என்றால், ஆட்டத்துக்கு முன் அதைக் கிண்டி எடுக்க வேண்டும். திருகோணமலையில் பந்தடிக்கிற பாதிப் பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு. அவர் தன் கழகத்துக்குள் நுழைய விடாத ஒன்று அதுதான்.

"றஊப், நீயுமா?"

றஊப் எழுந்து காற்சட்டையைத் தட்டினான். "சேர், எனக்கு இதில ஈமான் இல்ல. தகடு, தாயத்து எல்லாம் எங்களுக்குக் கூடாது. நான் அதில கையும் வைக்கல்ல." கொஞ்சம் தயங்கினான். "ஆனா இண்டைக்கு அந்தக் கோலுக்குள்ள நிக்கப் போறது நான்தானே."

பின்னால் வந்து நின்ற மாகிரட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எழும்படா," என்றார் ஹெக்டர் மகனிடம்.

"கிடைச்சிட்டுது சேர்." மைதானத்தில் அப்பா என்று கூப்பிட அவனுக்கு அனுமதி இல்லை. "நீங்கள் நம்பமாட்டியள். இஞ்ச கிடக்கு. செம்பு. பச்சை பிடிச்ச செம்பு."

"எழும்பெண்டு சொன்னனான்."

"கை வருகுதில்லை. இழுத்துப் பாத்தனான், அது சரிஞ்சு என்ர கையில சாஞ்சிட்டுது. கம்பத்தின்ர கொங்கிரீட்டுக்கும் அதுக்கும் நடுவில மணிக்கட்டு மாட்டுப்பட்டுப் போச்சு."

"தகடு சரியுமோ? என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"சும்மா தகடில்லை. பெரிசு. ஒரு இரும்புக் குத்தியைச் சுத்தி வளையம் மாதிரி அடிச்சிருக்கு. அவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறாங்கள்."

ஹெக்டரின் கோபம் எங்கேயோ பாதி வழியில் நின்றுவிட்டது.

இரும்பைச் சுற்றி ஒரு செம்பு வளையம்.

அவர் மெதுவாகக் குனிந்தார். குழிக்குள் பார்க்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தார்.

"டொமினிக். விரலை அசைக்கலாமோ?"

"ஓம்."

"அந்தச் செம்பு வழுவழுப்பா இருக்கா, வரி இருக்கா?"

"வரி இருக்கு," என்றான் டொமினிக் வெற்றியோடு. "சரிவாக் கீறி, ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு, சுத்திவரக் கிடக்கு. மந்திரம் எழுதினது. இப்ப என்ன சொல்லுறியள்?"

ஹெக்டர் குழியோரத்தில் பதித்திருந்த காலை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார்.

களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே வெள்ளைக்கார ஃபோர்மன் அவருடைய பெருவிரலைப் பிடித்து ஒரு பீரங்கி ஷெல்லின் செம்பு வளையத்தில் தேய்த்துக் காட்டியிருந்தான். வழுவழுப்பு என்றால் இன்னும் பீரங்கிக்குள் போகாதது. தூக்கலாம், அடுக்கலாம், பக்கத்தில் இருந்து சோறும் தின்னலாம். வரி விழுந்திருந்தால் பீரங்கிக் குழாய்க்குள் சுழன்று வெளியே போனது. போயும் வெடிக்காதது. அதைக் கண்டால் நட, என்றான் அந்த மனிதன். தொடாதே. நட.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்த காலை, துறைமுகத்தைச் சுற்றியிருந்த பீரங்கிகள் எல்லாம் வானத்தைப் பார்த்துக் கத்தின. மேலே போனதெல்லாம் வெடிக்கவில்லை. சிலது திரும்பி வந்து கடலில் விழுந்தது. சிலது காட்டில். ஒன்று இங்கே, மூக்குக் கீழே, பின்பக்கம் மேலே. கம்பம் நட்டவன் ஒரு சாண் தள்ளிக் கிண்டியிருந்தால் அன்றைக்கே செத்திருப்பான். அதற்குப் பிறகு இத்தனை வருஷம், இதற்கு மேலே நின்றுதான் இவர் பயிற்சி கொடுத்தார். இதற்கு மேலேதான் மகனைப் பாய விட்டார், விழ விட்டார்.

"றஊப்," என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "கேற்றடிக்குப் போ. ஆரும் உள்ள வரக்கூடாது. மட்டக்களப்பு பஸ் வந்தால் றோட்டிலயே திருப்பு. காரணம் கேட்டால் ஷெல் எண்டு சொல்லு."

றஊப்பின் முகம் வெளுத்தது. குழியைப் பார்த்தான், டொமினிக்கைப் பார்த்தான். "சேர், நானும் ஒரு கை பிடிக்கிறன்."

"கலியாணம் கட்டி எத்தினை நாள் உனக்கு? போ."

மகளிடம் திரும்பினார். "மாகிரட், நேவிக் கேம்புக்குப் போ. சுட்ட ஷெல், வெடிக்கேல்லை, ஆளின்ர கை மாட்டுப்பட்டிருக்கு எண்டு சொல்லு. கோடு தாண்டும் வரைக்கும் நட. பிறகு ஓடு."

அவள் நடந்தாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

*

இப்போது தகப்பனும் மகனும் மட்டும்.

டொமினிக் கேட்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"அப்பா," என்றான். "நான் கையை இழுத்தால் என்ன?"

"இழுத்தால் அது கொங்கிரீட்டில சாயும். மூக்கிலதான் அதின்ர உயிர் கிடக்கு. இப்ப அதுக்கு நீதான் மெத்தை."

"நல்ல மெத்தை."

"கதைக்காதே. மூச்சை விடு. கோர்னர் வாறதுக்கு முதல் விடுவியே, அப்பிடி."

ஹெக்டர் குழிக்கு மறுபக்கத்தில் படுத்து, வெறுங்கையால் மணலை வாரத் தொடங்கினார். வார வார மேலிருந்து சரிந்து விழுந்தது. காய்ந்த மணல். ஒவ்வொரு சரிவுக்கும் அவர் கை தானாக நின்றது. நிற்கிற நேரமெல்லாம் இருவரும் மூச்சை நிறுத்தினார்கள்.

"ஒரு கேள்வி கேக்கலாமோ?" என்றான் டொமினிக்.

"கேள்."

"என்னை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"இப்பவோ அதுக்கு நேரம்?"

"வேற எப்ப?"

ஹெக்டர் ஒரு பிடி மணலை அள்ளித் தூர வைத்தார். "மார்கழியில அந்த வாழைச்சேனைப் பெடியன் உன்ர விரலை மிதிச்சவனெல்லே. அதுக்குப் பிறகு பந்து வரேக்க உன்ர கை ஒரு கணம் பின்னுக்குப் போகுது. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. பயந்த கைக்குப் பந்து நிக்காது."

"அதை என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் இன்னும் பயப்பிடுவாய் எண்டு பயந்தனான்."

டொமினிக் மணலில் ஒட்டிய கன்னத்தைத் திருப்பினான். "அப்ப பயம் உங்களுக்குத்தான்," என்றான்.

ஹெக்டர் அடுத்த பிடி மணலை வாரித் தன் முழங்கைக்குப் பின்னால் தள்ளினார்.

கேற்றுப் பக்கம் சத்தம் கேட்டது. றஊப் யாரையோ மறிக்கிறான். "மாமி, போக ஏலாது. சேர் சொல்லியிருக்கார்." மறிக்கப்பட்டவள் நிற்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே நடந்து வந்தாள் திரேசம்மா. ஓடுகிற மகளை றோட்டில் கண்டு கேட்டிருக்கிறாள்.

"அங்கயே நில்லும்," என்றார் ஹெக்டர்.

அவள் கோட்டிலே நின்றாள். வியாழக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாகப் புருஷனைப் பார்த்து நேராகக் கதைத்தாள்.

"நான்தான் அனுப்பினன். ஈச்சிலம்பற்று மந்திரக்காரனிட்டப் போனது நான். கீப்பரின்ர வலக்கையாலதான் எடுக்கவேணும், இரும்பு படக்கூடாது எண்டவன். பிள்ளையில பிழையில்லை."

"தெரியும்."

"என்னண்டு தெரியும்?"

"மூதூர் லோஞ்சில கடல் தாண்டினால் உமக்குச் சத்தி, தேசிக்காய் மோந்தால்தான் அடங்கும். நேற்றுப் பின்னேரம் கையெல்லாம் தேசிக்காய் மணத்தோட வந்தநீர். பக்கத்துத் தெருப் புஷ்பவதியின்ர வீட்டுக்கெண்டு மாகிரட்டிட்டச் சொல்லிப்போட்டுப் போனநீர், அங்க போக ஆர் தேசிக்காய் மோந்துகொண்டு போறது?"

"தெரிஞ்சுகொண்டு ஏன் கேக்கேல்லை?"

"ஆரிட்டக் கேக்கிறது? மாகிரட்டிட்டயோ?"

குழிக்குள் கை வைத்திருந்த டொமினிக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் தோள் குலுங்கியது. மணல் சரிந்தது. இரும்பு கொங்கிரீட்டில் உரசும் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது.

மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஹெக்டரின் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. "தண்ணி," என்றார். "கிணத்தில வாளி இருக்கு. நனைஞ்சால் மணல் நிக்கும். கோட்டில வைச்சிட்டுப் போம், நான் எடுக்கிறன்."

திரேசம்மா வாளியோடு வந்தாள். கோட்டில் வைக்கவில்லை. அதைத் தாண்டி வந்து, மகனின் தலைமாட்டில் முழங்காலிட்டு, குழியின் ஓரம் முழுக்கக் கையால் தண்ணீரை வார்த்தாள். உதடு அருள்நிறை மரியே செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மணல் கறுத்து இறுகியது. சரிவு நின்றது.

ஹெக்டர் இரண்டு கையையும் உள்ளே விட்டார். விரலில் பட்டது. குளிர்ந்த இரும்பு, அதற்கு மேல் அந்த வளையம். வரிகள் ஒவ்வொன்றாகப் பெருவிரலில் ஏறின. அவர் உள்ளங்கையை அடியில் கொடுத்து, ஷெல்லைத் தன் பக்கம் ஒரு மயிரிழை சாய்த்தார்.

"இப்ப. மெள்ள. விரலை ஒடுக்கி."

டொமினிக்கின் கை வந்தது. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், தன்னுடையதுதானா என்பது போல. திரேசம்மா அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது முழுப் பாரமும் ஹெக்டரின் கையில்.

"கொங்கிரீட்டுக்கும் அதுக்கும் நடுவில ஈரமணலை இறுக்கி அடைப்பம்," என்றான் டொமினிக். "பிறகு நீங்கள் விடலாம். அம்மா, இன்னொரு வாளி."

அவள் போனாள். அந்த நேரம் கேற்றடியில் மாகிரட் திரும்பி வந்திருந்தாள். றஊப் அவளை உள்ளே விடவில்லை. கையைக் குவித்து அங்கிருந்தே கத்தினாள்.

"வெடி எடுக்கிற ஒஃபிசர் வெளித்துறைமுகத்தில கப்பலில நிக்கிறாராம். போட் அனுப்பியிருக்கினம். அது வரைக்கும் ஒருத்தரும் அசைக்க வேண்டாமாம்."

"அசைக்க வேண்டாமாம்," என்றான் டொமினிக். "இப்ப சொல்லினம்." இடது கையால் ஈரமணலை அள்ளி இடுக்கில் திணிக்கத் தொடங்கினான். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. "இதை முடிச்சிட்டுப் பின்னேரம் கோட்டையடிக் கிறவுண்டில ஆடலாம். மட்டக்களப்பாரும் இப்ப வந்திருப்பினம்."

ஹெக்டர் தலையை இரும்பின் பக்கம் சாய்த்தார்.

அவருடைய உள்ளங்கையில் ஏதோ ஒன்று தட்டியது.

முதலில் தன் நாடி என்று நினைத்தார். மூச்சை நிறுத்திப் பார்த்தார். நாடி இல்லை. நாடி இவ்வளவு ஒழுங்காக அடிக்காது. இரும்புக்குள்ளே, கீழே, மூக்குப் பக்கத்திலிருந்து, நகம் நுனியால் தட்டுவது போல, ஒன்று. பிறகு ஒன்று. பிறகு ஒன்று.

சில ஷெல்களின் மூக்கில் மணிக்கூட்டு யந்திரம் இருக்கும். குறித்த உயரத்தில் வெடிப்பதற்காக. அது எங்கேயாவது சிக்கி நின்றுபோனால்தான் வெடிக்காமல் விழும். சிக்கினது அசைவில் விடுபட்டால், விட்ட இடத்திலிருந்து ஓடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இடுக்கில் மணல் பாதிகூட நிரம்பவில்லை, கையை எடுத்தால் மூக்கு கொங்கிரீட்டில் இடிக்கும். எடுக்காவிட்டால் இது ஓடி முடியும். இரண்டுக்கும் நடுவே அவருக்குத் தேவைப்பட்டது, இவர்கள் கோட்டைத் தாண்டுவதற்கான நேரம் மட்டும்.

"டொமினிக்," என்றார். பயிற்சியில் பேசுகிற குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தார். "மணல் காணும், போதும். நீ எழும்பி அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோட்டையடிக்குப் போ. போய்க் காலை இளக்கு. இண்டைக்கு நீதான் கீப்பர்."

டொமினிக்கின் கை இடுக்கில் நின்றது.

"றஊப்?"

"றஊப் வெளிய நிக்கட்டும். நீ ஆடு. மனம் மாறிட்டன்."

"நீங்கள்?"

"நான் போட் வரும்வரைக்கும் இப்பிடியே கிடக்கிறன். சுகமாக் கிடக்கு. போ."

டொமினிக் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. அதைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

"சொன்ன டீமை நீங்கள் ஒருக்காலும் மாத்தினதில்லை," என்றான்.

"இப்ப மாத்திறன். போடா."

அவன் எழும்பவில்லை. மறுபடி மெதுவாகக் குனிந்தான். ஈரமணலில், தகப்பனின் முழங்கைக்குப் பக்கத்தில், காதை வைத்தான்.

ஹெக்டர் கெஞ்சுவது போல அவனைப் பார்த்தார்.

திரேசம்மா இரண்டாவது வாளியோடு கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். நடையில் தண்ணீர் தளம்பி அவள் சேலையை நனைத்தது.

தட்டல் கேட்டும் டொமினிக் காதை எடுக்கவில்லை. உரிந்த வலது கையைக் குழிக்குள் விட்டு, தகப்பனின் கைகளுக்குக் கீழே கொடுத்தான். அந்தக் கை பின்னுக்குப் போகவில்லை.

"அம்மா," என்றான் மிகவும் தாழ்ந்த குரலில், "வாளியை அதிலயே வைச்சிடுங்கோ. வைச்சிட்டுத் திரும்பி நடவுங்கோ. என்னத்துக்கெண்டு கேக்க வேண்டாம்."